ஜிப் உறை வேதாகமம்: ஆறு மாதம் கழித்து

தங்க விளிம்பு, ஜிப் வைத்த தோல் உறை எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். எழுத்து பெரியது, கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது, தாள் மெல்லியதாக இருந்தாலும் மறுபக்கத்து எழுத்து தெரிவதில்லை. ஜிப்தான் மூன்றாம் மாதமே பல் விட்டுவிட்டது, கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்.

உண்மையைச் சொன்னால் நான் இதை வாங்கியது படிக்க இல்லை, ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் கையில் வைத்துக்கொண்டு உட்காரத்தான். தினமும் வாசிப்பவன் போல அங்கங்கே வண்ணப் பேனாவால் கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். (சிரிக்காதீர்கள், நிறையப் பேர் செய்கிறார்கள்.) அப்புறம் ஒருநாள் சும்மா புரட்டும்போது மத்தேயு 23 வந்தது. பரிசேயர்கள் (மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த அக்கால யூதப் பிரிவினர்) மனுஷர் பார்க்கவேண்டும் என்று காப்புநாடாக்களை அகலமாக்கிக்கொள்கிறார்கள் என்று இயேசு சொல்கிற இடம்; வசனம் எழுதிய தோல்பெட்டியை நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்ளும் யூத வழக்கம் அது. என் உறையைப் பார்த்தேன். அதே அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் 'மாயக்காரர்' (அதாவது வேஷதாரிகள்) என்பதற்கு மூலத்திலுள்ள கிரேக்கச் சொல், மேடை நடிகனைக் குறிக்கும் சொல்.

இப்போது உறையைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன், பாதி நாள் தூக்கம்தான் வருகிறது. அச்சுக்கு நாலு நட்சத்திரம், உறைக்கு ஒன்று. சாதா அட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.