காருக்குள் தண்ணீர் வருகிறதா? வழியைக் காட்டாமல் சிலிகான் பூசுபவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். காருக்குள் ஈரம் இருக்கிறது என்று பட்டறைக்குப் போகும்போது, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்ணெதிரே காட்டாமல் "முன் கண்ணாடி லீக், எடுத்து ஒட்டணும்" என்று சொல்லும் ஆளிடம் காரை விடாதீர்கள். அப்படிச் சொன்ன ஒரு பட்டறை என்னிடம் செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியது, காரின் தரை துருப்பிடிக்கும்வரை இழுத்தடித்தது, கடைசியில் பழைய கார் என்றால் இப்படித்தான் என்று கையை விரித்தது. தண்ணீர் வந்ததற்குக் காரணமே அவர்கள் முன்பு செய்த வேலைதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

என்னுடையது 12 வயதான ஹேட்ச்பேக். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், கால் வைக்கும் இடத்தில் ஈரம். மழை தொடங்கியதிலிருந்து கதவைத் திறந்தாலே முடைநாற்றம். காலையில் எல்லாக் கண்ணாடிகளிலும் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். அந்தப் பக்கக் கதவின் பவர் விண்டோ மோட்டார் சில மாதங்களுக்கு முன் பழுதாகி, இதே பட்டறையில்தான் மாற்றியிருந்தேன். தெரிந்த இடம் என்று அங்கேயே கொண்டுபோனேன். சூப்பர்வைசர் கால் மிதியடியைத் தூக்கிப் பார்த்தார், கார்ப்பெட்டை விரலால் அழுத்தினார், கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார். சோதனை அவ்வளவுதான். ஹோஸ் பைப்பை எடுக்கவில்லை. டார்ச் அடிக்கவில்லை. மழையில் நிறுத்தியிருக்கும்போது ஈரமாகிறதா, ஓடும்போதா, மழையே இல்லாமல் ஏசி போட்டாலும் ஆகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காதவர் லீக்கைத் தேடவே ஆரம்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கார் திரும்பி வந்தது. பில்லில் 'முன் கண்ணாடி கழற்றி மறுபடி ஒட்டியது' என்று எழுதியிருந்தது. கண்ணாடியைச் சுற்றிப் பளபளவென்று சிலிகான் கோடு, பக்கத்தில் போனால் வினிகர் வாடை. அடுத்த பெருமழையில் பழையபடி ஈரம். திரும்பப் போனதும் "அப்போ ஏசி டிரெய்ன் குழாய்தான் அடைச்சிருக்கு" என்றார்கள். அதற்குத் தனி பில். ஏசி ஓடும்போதெல்லாம் காருக்கு அடியில் எப்போதும்போல் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குழாய் அடைத்திருந்தால் சொட்டு நின்று, அந்தத் தண்ணீர்தான் உள்ளே வழிந்திருக்க வேண்டும். மழை இல்லாத நாளிலும் ஈரமாகியிருக்க வேண்டும். இதை நான் சொன்னபோது, "நீங்க மெக்கானிக்கா சார்?" என்று பதில் வந்தது. அதன் பிறகும் ஈரம் நிற்கவில்லை என்றதும்தான், வண்டிக்கு வயசாகிவிட்டது, கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், சின்ன இடம். அவர் காரைத் தொடும் முன்பே எப்போது, எந்தப் பக்கம், கார் எந்தச் சரிவில் நிற்கும் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் இருக்கையைக் கழற்றி, கதவடிப் பட்டையை எடுத்து, கார்ப்பெட்டின் ஓரத்தைப் புரட்டினார். மேலே கையால் தொட்டால் லேசான ஈரம்தான். அடியில் ஒட்டியிருந்த ஃபோமை அவர் இரண்டு கையாலும் பிழிந்தார், விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வழிந்து தரைத் தகட்டில் குளமாக நின்றது. இந்த ஃபோம் லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேல் துணி காய்ந்த பிறகும் விடாது. கார்ப்பெட்டைப் புரட்டாமல் லீக் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தகட்டில் பெயின்ட் கொப்புளம் கட்டித் துரு எட்டிப் பார்த்தது. இருக்கைக்கு அடியில் போகும் ஒயர் கனெக்டர் ஒன்றில் பச்சை பூத்திருந்தது.

எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்துவிட்டு, உள்ளே டார்ச்சோடு ஒருவரை உட்காரவைத்துத் தண்ணீர் விட்டார். ஒரேயடியாகத் தண்ணீரை மேலே கொட்டவில்லை, பிரஷர் வாஷர் கிட்டவே வரவில்லை. பிரஷரில் அடித்தால் நல்ல ரப்பரைத் தாண்டியும் தண்ணீர் போகும், ஒன்றும் விளங்காது. ஹோஸை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலாகப் போனார். முதலில் கதவின் அடிப்பாகம், கொஞ்சம் காத்திருப்பு. அப்புறம் கதவின் நடுப்பகுதி, கண்ணாடி இறங்கும் இடம், கடைசியாகத்தான் முன் கண்ணாடி. மேலே ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் கீழே உள்ள எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது காரணம் என்று பிரிக்க முடியாது. முன் கண்ணாடிக்குப் போகவே தேவைப்படவில்லை. கதவுக் கண்ணாடி இறங்கும் இடத்தில் தண்ணீர் விட்டவுடனே உள்ளே இருந்தவர் குரல் கொடுத்தார்.

கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் கதவுத் தகட்டில் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டின் கீழ்ப்பகுதி இல்லை. கிழிந்ததுகூட இல்லை, பிளேடால் நேராக அறுத்த கோடு. ஷீட்டை ஒட்டியிருந்த கறுப்பு பியூட்டைல் டேப் உருண்டையாகச் சுருட்டிக் கதவுக்குள்ளேயே கிடந்தது. மோட்டார் மாற்றியபோது ஷீட்டைப் பொறுமையாக உரிக்காமல் அறுத்துவிட்டு, அப்படியே டோர் பேடை மாட்டியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. கார்க் கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பரைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே போய்விடும் என்றுதான் அமைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நாம் உட்காரும் பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட் ஒன்றுதான். என் கண்ணாலேயே பார்த்தேன்: கண்ணாடியில் வழிந்து இறங்கிய நீர், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் கம்பியில் பட்டு, அதன் வளைவில் ஓடி, அறுத்த ஓரத்தின் முனையில் துளியாகத் திரண்டு, கதவடிப் பட்டையைத் தாண்டி நேராகக் கார்ப்பெட்டில் விழுந்தது. ஸ்பீக்கர் மாற்றியது, பவர் விண்டோ பார்த்தது, கதவு லாக் சரிசெய்தது என்று எந்த வேலைக்குப் பிறகும் கால் பக்கம் ஈரம் வந்தால் முதல் சந்தேகம் இந்த ஷீட்மேல் இருக்கட்டும். புது ஷீட்டும் புது பியூட்டைல் டேப்பும் போட்டு, கதவின் அடித்துளைகளில் இருந்த மண்ணையும் எடுத்துவிட்டார். ஈரம் நின்றது.

முன் கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன், என் கோபம் அதில்தான் அதிகம். கண்ணாடி வேலை மட்டும் செய்பவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஓரப் பட்டையை மெல்லத் தூக்கினார். சிலிகானுக்கு அடியில் பழைய தூசியும் காய்ந்த இலைத் துண்டுகளும் அப்படியே இருந்தன; கம்பெனியில் போட்ட யூரித்தேன் பசையில் கத்தி பட்ட அடையாளமே இல்லை. கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றால் அந்தப் பசையைச் சுற்றிலும் அறுத்தாக வேண்டும். ஆக, கண்ணாடி ஃபிரேமைவிட்டு அசையவே இல்லை. மேலே ஒரு கோடு சிலிகான் இழுத்துவிட்டு, கழற்றி ஒட்டியதாகப் பில் போட்டிருக்கிறார்கள்.

ஏமாற்றிய பணத்தோடு கெடுதல் முடியவில்லை. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான், உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. வெறும் தகடு இருக்கும் இடத்தில் அது துருவை வளர்க்கும். சிலிகான் பட்ட இடத்தில் யூரித்தேன் சரியாகப் பிடிக்காது. நாளைக்கு உண்மையிலேயே கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால் அதன் மிச்சத்தைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை. முன் கண்ணாடி காற்றைத் தடுக்க மட்டும் இல்லை. கார் உருண்டால் கூரைக்கு வலு கொடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்புகிறது. அப்படிப்பட்ட ஒட்டுவேலையில் விளையாடுகிறார்கள்.

கேபினுக்குள் ஈரத்தை விட்டுவைப்பதையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பல கார்களில் கார்ப்பெட்டுக்கு அடியிலும் இருக்கைக்கு அடியிலும்தான் ஒயர்க்கட்டும் கன்ட்ரோல் பெட்டிகளும் இருக்கின்றன. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றி, கம்பெனி கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்காமல் அதை நீங்களும் பிடுங்காதீர்கள், அவசரக்கார மெக்கானிக்கையும் பிடுங்க விடாதீர்கள்.

தண்ணீர் வர இன்னும் பல வழிகள் உண்டு. பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே பாதியை நீங்கள் பார்த்துவிடலாம். பானெட்டைத் திறந்தால் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் ஒரு தொட்டி மாதிரி இடம் இருக்கும். மரத்தடியில் நிற்கும் கார்களில் இலைக்குப்பை அதன் வடிகாலை அடைத்து, நிரம்பிய தண்ணீர் கேபின் ஃபில்டர் வழியாகவோ ஃபேன் வழியாகவோ உள்ளே இறங்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்கும் வடிகுழாய்களைப் பாருங்கள். ஒரு கப் தண்ணீரை மெதுவாக விட்டால் சற்று நேரத்தில் காருக்கு அடியில் வர வேண்டும். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் கம்பியால் எடுக்கலாம். கம்ப்ரெஸர் காற்றை வேகமாக அடிக்க விடாதீர்கள், குழாய் உள்ளே கழன்றுகொண்டால் கூரைத் துணியைப் பிரிக்க வேண்டிவரும். டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் என்றால் பின்விளக்கின் கேஸ்கெட், டிக்கி பீடிங் (மூடும் ஓரத்தில் உள்ள ரப்பர்), கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர், பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் திறப்பு இவைதான் வழக்கமான இடங்கள்.

கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எங்கே தடையில்லாமல் உருவிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பர் அழுத்தவில்லை. ஈரமே பிசுபிசுவென்று, இனிப்பு வாடையோடு, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்தால் அது மழைநீர் இல்லை, காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அது விஷம். கையில் பட்டால் கழுவிவிடுங்கள், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் கிட்டே விடாதீர்கள்.

பட்டறையில் பேசும்போது நேராகக் கேளுங்கள்: ஹோஸ் வைத்துக் காட்டுவீர்களா, கார்ப்பெட்டைப் புரட்டுவீர்களா, கழற்றும்போது படம் எடுத்து அனுப்புவீர்களா? வேலை முடிந்ததும் அதே இடத்தில் அதே தண்ணீரை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காயவைக்காமல் திருப்பித் தந்தால் வாங்காதீர்கள்; ஃபோம் ஈரமாக இருக்கும்வரை லீக் நின்றதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பில்லில் எந்தப் பாகம் கழற்றப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். என் கையில் இப்போது இருக்கும் ஒரே பிடி அந்தப் பில்தான். அதையும் அறுத்த ஷீட்டின் படங்களையும் சிலிகானுக்கு அடியில் இருந்த தூசியின் படத்தையும் வைத்துத்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். "நாங்க ஷீட்டைத் தொடவே இல்லை" என்று போனில் சொன்னார்கள். எழுத்தில் இதுவரை பதில் இல்லை.

உங்கள் காரிலும் யாராவது ஏற்கெனவே சிலிகான் பூசியிருந்தால், அடுத்து கண்ணாடி வேலைக்குக் கொடுக்கும்போது முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். புதுப் பசை போடும் முன் ஃபிரேமை முழுக்கச் சுத்தம் செய்து, துருவை எடுத்து, பிரைமர் அடிக்க வேண்டும்; ஒட்டிய பிறகு பசை தயாரிப்பாளர் சொல்லும் நேரம் முடியும்வரை காரை எடுக்கக் கூடாது.