தம்ஸ் தலை மாடல்: மூன்று மாதம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

போன வருஷம் நீலம்பூர் பக்கம் என் மச்சினன் வண்டியோடு விழுந்தான். ஹெல்மெட்டில் சிராய்ப்பு மட்டும்தான், விரிசல்கூட இல்லை. ஆனால் மூளைக்கு மேலே ரத்தம் கட்டி, மண்டை ஓட்டைத் திறந்துதான் எடுத்தார்கள். தேறி வந்ததும் கேட்டான்: "ஏனுங்க மாமா, ஹெல்மெட் ஒடையவே இல்லீங்களே, அப்புறம் உள்ளுக்குள்ள எப்படீங்க அடிபட்டுச்சு?" பம்ப் பாகங்கள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ்தான் என் தொழில். அவனுக்குப் பதில் சொல்லத்தான் தம்ஸை இறக்கினேன்.

தம்ஸ் (THUMS) என்பது விபத்தில் உடலுக்கு என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் பார்க்க 2000-இல் டொயோட்டா கொண்டுவந்த மனித உடல் மாடல். 2021-இல் இருந்து இலவசம். மோதல் சோதனைக்கு உட்காரவைக்கும் டம்மியின் தலை அலுமினிய ஓடு. அதற்குள் மூளை கிடையாது. இதில் மண்டை ஓடு, அதற்குள் இருக்கும் நீர், மூளையின் சாம்பல் பகுதி, வெள்ளைப் பகுதி எல்லாம் தனித்தனியாக உண்டு. தலையையும் கழுத்தையும் மட்டும் பிரித்தெடுத்து, நானே வரைந்த ஹெல்மெட்டை மாட்டினேன்.

ஒரே வேகத்தில் இரண்டு முறை ஓட்டினேன். முதலில் நேராக மோதவிட்டேன், அடுத்தது ரோட்டில் உரசுகிற மாதிரி சாய்வாக. சாய்வு மோதலில் ஹெச்ஐசி, அதாவது தலைக் காய ஆபத்தைக் காட்டும் எண், குறைவாகவே வந்தது. அமெரிக்காவில் கார் சோதனைக்கு வைத்திருக்கும் 700 என்ற வரம்புக்கும் கீழே. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் தப்பித்தான் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் அது நேர்கோட்டு முடுக்கத்தை வைத்துப் போடும் கணக்கு, தலை சுழல்வது அதில் வராது. படத்தை ஒவ்வொரு மில்லிசெகண்டாக நகர்த்தினேன். அதில் நீலம் என்றால் திசு இழுபடவில்லை, சிவப்பு என்றால் ரொம்ப இழுபடுகிறது. மண்டை ஓடு திரும்பிவிட்டது, மூளை இன்னும் நீலமாகவே இருந்தது. அப்புறம்தான் பக்கவாட்டில் மஞ்சளாகி, சிவப்பாகப் படர்ந்தது. காங்கேயம் களத்தில் காய்ந்த தேங்காயைக் கையில் எடுத்து வெடுக்கென்று திருகிப் பாருங்கள். ஓடு முதலில் திரும்பும், பருப்பு பிந்தி வரும். தலையில் ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தாண்டித்தான் மெல்லிய ரத்தக்குழாய்கள் போகின்றன. அவை இழுபட்டு அறுந்தால் ரத்தம் கட்டும்.

மச்சினனைக் கூட்டிவந்து காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தான்.

குறைகளும் உண்டு. மாடல் இலவசம் என்றாலும், முழு உடலையும் ஓட்டும் சாஃப்ட்வேர் லைசென்ஸுக்குக் காசு கட்ட வேண்டும். நடுத்தர ஆள் என்று இருப்பது அமெரிக்க அளவு. நம் ஊர் ஆளுக்குக் கொஞ்சம் பெரிசு. திசு எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும், ரத்தம் கசிவதைக் காட்டாது. லேப்டாப்பில் முயற்சி செய்யாதீர்கள். என் 16 கோர் மெஷினிலேயே தலை மட்டும் ஓட ஒரு ராத்திரி ஆனது.

ஐரோப்பாவின் 22.06 ஹெல்மெட் விதியில் சாய்வாக மோதவிட்டுச் சுழற்சியையும் அளக்கிறார்கள். நம் ஐஎஸ்ஐ சோதனையிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். கோவையில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுத்தால், என் ஹெல்மெட் மெஷ்ஷை (சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து வரைந்த கம்ப்யூட்டர் வடிவத்தை) அப்படியே தருகிறேன். இப்போது நாடா மாட்டாத ஹெல்மெட்டை ஓடவிட்டிருக்கிறேன்.