கேம் போட்டால் சிபியு ஆஃப் ஆகிறதா? கடையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என் தம்பியின் மெஷினைச் சர்வீசுக்குக் கொடுத்தோம். பணமும் போனது, உள்ளே இருந்த நல்ல ரேமும் போனது, கோளாறு மட்டும் போகவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம், அது முடியும்வரை கடையின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு. அதனால் எந்தக் கடை, எந்தத் தெரு என்று கமென்டில் கேட்காதீர்கள். இது தஞ்சாவூரிலும் நடக்கலாம், மயிலாடுதுறையிலும் நடக்கலாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மெஷின் ரைசன் 5 3600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. 2021-ல் தம்பி இன்ஜினியரிங் சேர்ந்தபோது ஒவ்வொன்றாக வாங்கி அவனே பூட்டியது. எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மட்டும் கேபினெட்டோடு சேர்ந்து வந்தது. ரொம்ப நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஜிடிஏ 5 கேம் போட்டால் கொஞ்ச நேரத்தில் திரை கறுப்பாகி, மெஷின் படக்கென்று அணைந்து தானாகவே திரும்ப ஆன் ஆகும். நீலத் திரை கிடையாது, எரர் மெசேஜ் எதுவும் கிடையாது. படம் பார்க்கலாம், நாள் முழுக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடிக்கலாம், ஒன்றும் ஆகாது. கேம் போட்டால் மட்டும்தான் இந்தத் தொல்லை.

கடைக்காரர் மெஷினை ஆன் செய்தார், ஃபேன் சத்தத்தைக் கேட்டார், "மதர்போர்டு அடிச்சிருக்கு தம்பி, கார்டும் டவுட்டுதான், விட்டுட்டுப் போங்க" என்றார். "கேம் போட்டுப் பார்க்கலையாண்ணே?" என்று தம்பி கேட்டான். அதெல்லாம் தேவையில்லை, எத்தனை மெஷின் பார்த்திருக்கிறோம் என்று பதில் வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் "சிபியு 1" என்று எழுதிக் கொடுத்தார். ரேம் எத்தனை, எந்தக் கம்பெனி, என்ன கார்டு, எதுவும் அதில் இல்லை.

அப்புறம் போன் வந்தது. போர்டு மாற்றியாயிற்று, சர்வீஸ் சார்ஜோடு 7,800 ரூபாய். கூடவே, "கார்டு இனிமே நிக்காது, ஸ்கிராப்புக்கு ஆயிரம் தர்றேன், விட்டுடுங்க" என்றார். நல்லவேளை, தம்பி கார்டைக் கொடுக்க மறுத்துவிட்டான். பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம் என்றார். ஜிபேயில் பணம் போட்டுவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அன்று ராத்திரியே கேம் போட்டான், அதே மாதிரி அணைந்தது. சைடு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மெஷின் பூட்டும்போது பவர் சுவிட்ச் ஒயர் எந்தப் பின்னில் போக வேண்டும் என்று போர்டின் ஓரத்தில் வெள்ளை ஸ்கெட்ச் பேனாவால் தம்பி ஒரு அம்புக்குறி போட்டிருந்தான், அது அப்படியே இருந்தது. கார்டுக்குக் கீழே இருக்கும் ஸ்லாட்டில் படிந்த தூசுகூடக் கலையவில்லை. பழைய அட்டைப் பெட்டியை எடுத்துச் சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்தோம், எங்கள் போர்டேதான். போர்டை யாரும் மாற்றவே இல்லை. மாறியிருந்தது ரேம். கறுப்பு உலோக உறை போட்ட இரண்டு ரேம் இருந்த இடத்தில், ஸ்டிக்கர் பாதி கிழிந்த வெறும் பச்சை ரேம் இரண்டு செருகியிருந்தார்கள்.

போய்க் கேட்டோம். டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 3200 என்று காட்டிக்கொண்டிருந்தது இப்போது 2400 காட்டுகிறதே என்றோம். "பயாஸ் ரீசெட் ஆனா ஸ்பீடு குறையும் தம்பி" என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை செட்டிங்) ரீசெட் ஆனால் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆஃப் ஆகி வேகம் இறங்கும்தான். ஆனால் ரேமின் கம்பெனியும் பார்ட் நம்பரும் பயாஸ் ரீசெட்டில் மாறாது. சிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ரேமுக்கும் தயாரித்தவர், பார்ட் நம்பர், பல ரேம்களுக்கு எந்த வாரம் எந்த வருஷம் தயாரானது என்பதுவரை வரும். இதில் 2018 என்று இருந்தது, பார்ட் நம்பரும் நாங்கள் வைத்திருந்த பழைய ரேம் பாக்கெட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. அதைக் காட்டியதும் வேலை இருக்கிறது, நாளைக்கு வாங்க என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு பெரியவரிடம் போனோம். மாடியில் சின்ன அறை, மேசை நிறைய போர்டுகள். அவர் மெஷினைத் தொடும் முன்பே கேட்ட முதல் கேள்வி, "யூபிஎஸ் வழியா ஓடுதா, நேரா சுவிட்ச்லயா?" என்பது. நம் வீடுகளில் இருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், பேட்டரி பழசாகியிருந்தால் கேம் நேரத்தில் லோடு ஏறும்போது அதுவே மெஷினைக் கவிழ்த்துவிடும் என்றார். எங்களுடையது நேராகச் சுவரில் இருக்கிறது என்றதும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி லேபிளைக் காட்டினார். மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் உறிஞ்சுவது முக்கியமாக இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆற்றில் தலைப்பில் எவ்வளவு திறந்தார்கள் என்பதை வைத்துக் கடைமடைக்காரன் நாற்று விட முடியாது இல்லையா, அப்படித்தான் இந்த 500-ம். 1660 சூப்பர் 125 வாட் கேட்கும், ரைசன் 5 3600 முழு லோடில் 88 வாட் வரை போகும், இரண்டும் சேர்ந்தே 213. ஃபேனும் டிஸ்க்கும் அதற்கு மேல். கார்டு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குச் சட்டென்று கூடுதலாக இழுப்பதும் உண்டு. புதிதில் எப்படியோ தாங்கிவிட்டது, உள்ளே கெபாசிட்டர் பழசானதும் கைவிட்டுவிட்டது.

தன் மேசையில் இருந்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, எங்கள் எதிரிலேயே கேமை ஓடவிட்டார். அணையவில்லை. பழையதைத் திரும்ப மாட்டினார், சீக்கிரமே அணைந்தது. அவ்வளவுதான் சோதனை. 550 வாட் ப்ரான்ஸ் ரக எஸ்எம்பிஎஸ் ஒன்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினோம், இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. அந்த ஸ்கிராப் என்று சொன்ன கார்டுதான் இப்போதும் ஓடுகிறது! பார்த்ததற்குக் கூலி கேட்கவே அவர் தயங்கினார், நாங்கள்தான் கையில் வைத்துவிட்டு வந்தோம். கடைக்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவே இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று நம் பக்கத்துக்கு முக்கியம். குறுவைக்கு நாற்றுவிடும் நாட்களில் சுற்றிலும் பம்புசெட் ஓடும், எங்கள் தெருவில் சாயங்காலம் டியூப்லைட் எரியவே திணறும். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது லேபிளில் இன்புட் 100-240 வோல்ட் என்று இருப்பதாகப் பார்த்து எடுங்கள், வோல்டேஜ் இறங்கினாலும் சமாளிக்கும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கலாம். எங்களுடையது போல மெஷின் மொத்தமும் சட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் கரண்ட் பக்கம், அதாவது யூபிஎஸ், ஒயர், எஸ்எம்பிஎஸ். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால் டிரைவர், ரேம், கேம் ஃபைல் இவற்றைப் பாருங்கள். நீலத் திரை வந்தால் அதில் இருக்கும் எரர் கோடைப் போட்டோ எடுத்து வையுங்கள். சூட்டைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ, ரேமைப் பார்க்க மெம்டெஸ்ட்86, இரண்டும் இலவசம். மெம்டெஸ்டை ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தெரிந்துவிடும், ஒரு எரர் வந்தாலும் ரேமைச் சந்தேகப்படலாம். விண்டோஸ் தானே குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று காட்டி, பாருங்கள் போர்டு போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெஷின் முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், கரண்ட் போனாலும் அதே 41 வரும்.

பணத்துக்கு வருகிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம், தமிழிலேயே பேசலாம். அதன்பிறகு கடைக்காரர் தானாகப் போன் செய்து போர்டுக்கான காசை மட்டும் ஜிபேயில் திருப்பிப் போட்டார். ரேம் விஷயத்தை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறார். பில் இல்லையே என்று கலங்க வேண்டாம், பில் கொடுக்காமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பணம் போட்ட விவரம், வாட்ஸ்அப் மெசேஜ், அந்தத் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சமீபத்தில் எங்காவது மெஷினைச் சர்வீசுக்கு விட்டு வாங்கியிருந்தால் இன்றைக்கே சிபியு-இசட் போட்டு ரேமைப் பாருங்கள். இனிமேல் விடுகிறவர்கள் சைடு மூடியைக் கழற்றி, ரேம், கார்டு, எஸ்எஸ்டி ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி கடைக்காரர் எதிரிலேயே போட்டோ எடுங்கள், சீரியல் நம்பரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பார்ட்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், சீரியல் நம்பர் அதில்தான் இருக்கிறது.