மார்பு எடுத்தவர்களுக்கு ரவிக்கை தைக்கும் காரைக்குடி கடை

காரைக்குடிப் பக்கம் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் இருந்தால், செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பெண் நடத்தும் சின்னத் தையல் கடைக்குப் போய்ப் பாருங்கள்.

எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி, மாத்திரை, கதிர்வீச்சு எல்லாம் விவரமாகச் சொன்னார்கள். இனி எதை எப்படி உடுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, விசேஷம் எதற்கும் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். உடம்பு தேறியும் மனசு தேறவில்லை.

இந்தப் பெண் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே, "ஆச்சி, கையை எவ்வளவு தூக்க முடியுது? வீக்கம் இருக்கா?" என்று கேட்டார். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தக் கையில் நீர் கோத்து வீங்கலாம். ரவிக்கைக்கு இறுக்கமான கை ஆகாது. இடக் கைக்குத் தனி அளவெடுத்துத் தளர்த்தித் தைத்தார். கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டாமே என்று ஊக்கு முன்பக்கம். உள்ளே மெல்லிய மல் துணியில் ஒரு பை. சிலிக்கானில் செய்த செயற்கை மார்பை அதில் வைத்தால் வியர்வையிலும் நழுவவில்லை. தையல் எதுவும் தழும்பில் உரசாது. கழுத்தையும் கொஞ்சம் ஏற்றியிருந்தார். தம்பியின் சாந்திக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, அதைப் போட்டுக்கொண்டு போய், வீட்டு முற்றத்து வளவில் பந்திக்குக் குனிந்து நிமிர்ந்து பரிமாறினேன். முந்தானை நினைப்பே வரவில்லை. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தினப்படிக்குக் கண்டாங்கி கட்டுங்கள். அந்தக் கனத்த பருத்தி உடம்போடு ஒட்டாது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டிதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் பிறந்த புதுக்கோட்டை நமக்குப் பக்கத்து ஊர். இன்னும் நாம் இந்த நோயைச் சொந்தக்காரர்களிடம்கூட மறைக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

அந்தக் கடையில் குறை என்றால், போட்டுப் பார்க்கும் இடத்துக்கு ஒரு திரைதான். தழும்பை முதன்முதலாக இன்னொருவரிடம் காட்டும் பெண்ணுக்குக் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். அவரிடமே சொன்னேன், ஒத்துக்கொண்டார். முகூர்த்த மாதங்களில் தாமதமாகும். கூலி 450 ரூபாய். சிலிக்கானை நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

காயம் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான் சிலிக்கான் வைக்கலாம். அதுவரைக்கும் பஞ்சு அடைத்து இலேசாக ஒன்று அவரே தைத்துத் தருகிறார். அளவு கொடுக்கப் போகும்போது முன்பக்கம் திறக்கிற ரவிக்கையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.