“ஒரிஜினல் 5200”னு நம்பி அரை மாசச் சம்பளம் போச்சு

கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

ஆம்ப்ளிஃபையர்ல இடது சேனல் செத்துப்போச்சு. மீட்டர் வச்சுப் பார்த்தா ஸ்பீக்கரை ஓட்டுற பவர் டிரான்சிஸ்டர் ஒண்ணு, 5200னு சொல்றது, கலெக்டர்–எமிட்டர் கால் ரெண்டும் ஷார்ட், கூடவே 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் ஓப்பன், அதாவது அறுந்துபோச்சு. வழக்கமான கேஸ்தான். 5200, அதோட ஜோடி டிரான்சிஸ்டர் 1943 ரெண்டையும் சேர்த்தே மாத்திடலாம்னு ஆன்லைன்ல தேடினேன். யார் வேணா கடை விரிக்கிற தளம் அது. “தோஷிபா ஒரிஜினலா?”ன்னு அங்க ஒரு கடைக்காரரைக் கேட்டேன். “நாங்களே ஆம்ப் அசெம்பிள் பண்றவங்க சார், டூப்ளிகேட் போட்டா எங்க தலையிலதான் விடியும்”னார். அங்கேதான் விழுந்தேன். தோஷிபா பழைய 2எஸ்சி5200-ஐ (5200-ஓட முழுப் பேர்) நிறுத்திட்டு டிடிசி5200-க்கு மாறினது எனக்கே தெரியும். கேட்டா, பழைய ஸ்டாக்காம். அதையும் நம்பினேன் பாருங்க!

மாட்டினேன். ஷார்ட் இருந்தா காட்டிக்கொடுக்க கரண்ட் வழியில தொடரா மாட்டுற சீரிஸ் பல்ப் பளிச்னு எரிஞ்சு மங்கிடுச்சு, அதாவது ஷார்ட் இல்ல. அவுட்புட்ல டிசி 20 மில்லிவோல்ட்தான், ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லாத அளவு. சந்தோஷமா ஸ்பீக்கரைக் கொடுத்து வால்யூமைக் கூட்டினேன். பத்தே நிமிஷம், பட்! சப்ளை வோல்டேஜ் நேரா வூஃபருக்குப் போய் காயில் கருகிடுச்சு. 5200-ஐ இயக்குற டிரைவர் டிரான்சிஸ்டரும் காலி. எல்லாம் சேர்த்து அரை மாசச் சம்பளம்.

வாங்கினதுல மிச்சமிருந்த ஒண்ணை உடைச்சேன். செத்த பழசையும் பக்கத்துல உடைச்சு வச்சேன். புதுசுக்குள்ள இருந்த சிலிக்கான் சில்லு, பழசோட சில்லுல கால்வாசி அளவுகூட இல்ல. 230 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கவேண்டிய உருப்படி இது!

கடைக்காரர் முதல்ல, “சால்டர் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது”ன்னார். சால்டர் பண்ணாம கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பார்க்கவா? அடுத்து, “பயஸ் (சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட்) தப்பா வச்சிருப்பீங்க.” உடைச்ச படத்தை அனுப்பினதும் பேச்சே நின்னுபோச்சு. தளத்துல புகார் கொடுத்தா ரெண்டாம் நாள், “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது”ன்னு வந்துச்சு. யாருக்குத் தீர்ந்தது? என் அரை மாசச் சம்பளம் எங்கே?

போலியைக் கண்டுபிடிக்கிறதைப் படிப்படியா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடல. அசிட்டோன் தொட்ட பஞ்சால டிரான்சிஸ்டர் மேல இருக்கிற எழுத்தைத் தேய்ங்க, அழிஞ்சா சந்தேகப்படுங்க. அழியலைன்னாலும் நம்பாதீங்க, என்னோடது அழியல. ஒண்ணு கூடுதலா வாங்கி உடைச்சுப் பாருங்க. சீரிஸ் பல்ப் ஷார்ட்டைத்தான் காட்டும், போலியைக் காட்டாது. டிசி ப்ரொடெக்ஷன் (அவுட்புட்ல டிசி வந்தா ஸ்பீக்கரைத் துண்டிக்கிற சர்க்யூட்) இல்லாத ஆம்புல நல்ல ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீங்க.

இன்னைக்குக் காலையிலயும் பார்த்தேன். அதே போட்டோ, அதே “ஒரிஜினல்”. “இன்னும் மூணுதான் இருக்கு”ன்னு போட்டிருக்கான்.