ஸ்டெரிலைசருக்கு எந்தத் தண்ணீர்? போர், மெட்ரோ, கேன், ஆர்.ஓ., டிஸ்டில்டு: ஓர் ஒப்பீடு

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்தபோது, பால் புட்டியைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. எப்படியும் கொதித்து ஆவியாகப் போகிற நீர்தானே என்று, மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக் குழாயில் வரும் போர் தண்ணீரையே அளந்து ஊற்றி, நாளுக்கு இரண்டு முறை ஓட்டினோம். மூன்றாவது வாரத்தில் அடித்தட்டு முழுவதும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. அதைவிடக் கவலை தந்த வேறொன்றை மருமகள்தான் கவனித்தாள்: "அத்தை, இது சீக்கிரமே நின்றுவிடுகிறது, தட்டில் தண்ணீரும் மிச்சம் இருக்கிறது" என்றாள். அதன் பிறகுதான் சென்னையில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

மின்சார ஸ்டெரிலைசர், அடித்தட்டில் ஊற்றிய சிறிதளவு நீரைக் கொதிக்கவைத்து, மூடிக்குள் ஆவியை நிறைத்து, புட்டியையும் நிப்பிளையும் அந்தச் சூட்டில் சில நிமிடங்கள் வைத்திருக்கிறது. நீர் வற்றியதும் தட்டின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறும். அதை உணர்ந்து கருவி தானாக நின்றுவிடும். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்புகள் உடன் செல்வதில்லை, தட்டிலேயே தங்கிவிடுகின்றன. நாளடைவில் அந்தப் படிவு தட்டுக்கும் நீருக்கும் நடுவே தடுப்பாக நிற்பதால், நீர் இருக்கும்போதே தட்டு மிகுதியாகச் சூடேறி, கருவி உரிய நேரத்துக்கு முன்பே நின்றுவிடக்கூடும். புட்டிகளுக்குக் கிடைக்க வேண்டிய ஆவி நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே இங்கே தண்ணீரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அளவுகோல், அது எவ்வளவு உப்பை விட்டுச்செல்கிறது என்பதே. கிருமிகளைக் கொதிநிலை கவனித்துக்கொள்ளும். உப்பை அது ஒன்றும் செய்யாது.

இந்த அளவுகோலில் மிகவும் பின்தங்குவது போர் தண்ணீர். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 தரக்குறிப்பு, குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ளும், கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., 500 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடங்களில் முறையே 600, 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தபோது ஆயிரத்துக்குச் சற்று மேலே காட்டியது. ஒரு முறைக்கு 100 மில்லி லிட்டர் ஊற்றினால், அதிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிகிராம் மிஞ்சும். கொதிக்கும்போது பைகார்பனேட்டின் ஒரு பகுதி வாயுவாகப் பிரிந்துபோவதால் உண்மையில் சற்றுக் குறையலாம். நாளுக்கு இரண்டு முறை என்றால் மாதத்தில் 60 முறை, அதாவது கிட்டத்தட்ட ஆறு கிராம். ஒரு டீஸ்பூன் உப்பை அந்தச் சிறிய தட்டில் கொட்டிச் சுட்டதற்கு ஒப்பானது இது.

போர் தண்ணீரை முன்கூட்டியே அடுப்பில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிவை மட்டும் இறுத்து ஊற்றினால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. கால்சியம் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மைக்கு இது ஓரளவு உதவும். கொதிக்கும்போது அது சுண்ணாம்புப் படிவாக மாறிப் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடுகிறது, இட்லிப் பானையின் அடியில் நாம் பார்க்கும் வெள்ளைப் படலமும் இதுதான். ஆனால் திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் கடல்நீர் ஊடுருவி நாக்கில் கரிக்கிற தண்ணீர் வந்தால், அதில் இருப்பது பெரும்பாலும் குளோரைடு. எத்தனை முறை காய்ச்சினாலும் அது குறையாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குளோரைடு எவர்சில்வர் தட்டிலும் நாளடைவில் சிறு குழிகளை அரித்துவிடும் என்பதால், கரிக்கும் தண்ணீரை ஸ்டெரிலைசரில் ஊற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சென்னைக் குடிநீர் வாரியம் வழங்கும் மெட்ரோ தண்ணீர் இதைவிட எவ்வளவோ மேல். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்தும் வீராணத்திலிருந்தும் வருகிற நீரோடு, 2010 முதல் மீஞ்சூரிலும் 2013 முதல் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கும் நீரும் சேர்கிறது. இவை இரண்டும் தொடங்கப்பட்டபோது நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு நிலையமும் செயல்படத் தொடங்கியது. இதனால் மெட்ரோ தண்ணீரின் உப்பளவு பகுதிக்குப் பகுதி, பருவத்துக்குப் பருவம் மாறும். அதில் வரும் குளோரின் வாடையைப் பற்றிக் கவலை வேண்டாம், கொதிக்கும்போது அது போய்விடும். எனக்குள்ள தயக்கம் வேறு: பெரும்பாலான அடுக்ககங்களில் மெட்ரோ தண்ணீர், லாரி தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்துதான் மேல்தொட்டிக்கு ஏறுகின்றன. சமையலறையில் மெட்ரோவுக்கென்று தனிக் குழாய் இருக்கிற வீடுகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தி, மாதம் ஒரு முறை தட்டைச் சுத்தம் செய்தால் போதும். பொதுச் சம்ப்பை நம்பியிருப்பவர்கள் மீட்டர் வைத்துப் பார்க்காமல் அதை மெட்ரோ தண்ணீர் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான் என் தேர்வு. எங்கள் ஆர்.ஓ. நீரின் டி.டி.எஸ். 60 அளவில் இருக்கிறது. மேலே போட்ட அதே கணக்கை இதற்குப் போட்டால் மாதத்துக்கு அரை கிராம்கூட மிஞ்சுவதில்லை. ஆர்.ஓ. இல்லாத வீட்டில் 20 லிட்டர் கேன் தண்ணீரும் ஏறக்குறைய அதே பலனைத் தரும். கேனும் அதன் மேல் பொருத்தும் பம்ப்பும் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்ற சந்தேகம் குடிப்பதற்கு நியாயமானது. ஆவியாக மாறப்போகும் நீருக்கு அந்தச் சந்தேகம் பெரிதாகப் பொருந்தாது. இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கேனில் வருவதையெல்லாம் 'மினரல் வாட்டர்' என்று சொல்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் ஐ.எஸ். 14543 முத்திரை பெற்ற, உப்பு நீக்கப்பட்ட பேக்கேஜ்டு குடிநீர். ஐ.எஸ். 13428 முத்திரையோடு பாட்டிலில் வரும் இயற்கை மினரல் வாட்டர் வேறு வகை. அதில் தாதுக்கள் இயல்பாகவே இருப்பதால், விலை கூடுதலாக இருந்தும் ஸ்டெரிலைசருக்கு அது நல்ல தேர்வாகாது.

டிஸ்டில்டு வாட்டரில் படிவே வராது என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் அந்தப் பெயரில் கிடைப்பது பேட்டரிக்காகத் தயாரித்தது. அந்தப் புட்டியும் உணவுப் பொருளுக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழந்தையின் பால் புட்டிக்கு அருகில் அதைக் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை; ஆர்.ஓ. நீர் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். உப்பு இல்லாவிட்டாலும், ஏசிக்குள் சேர்ந்த தூசியும் பூஞ்சையும் உலோகத் துகளும் அதில் வரும்.

தண்ணீரை மாற்றிய பிறகும் புட்டியின் உட்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததால் எங்களுக்குச் சில நாள் குழப்பம் இருந்தது. ஆவியிலிருந்து உப்பு வர வழியில்லை, ஆவி குளிர்ந்து படிகிற நீர் ஏறத்தாழ உப்பற்றது. புட்டியைக் கழுவிய கடைசி நீரிலிருந்துதான் அந்தப் புள்ளிகள் வந்தன. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பின், அரை டம்ளர் ஆர்.ஓ. நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு ஸ்டெரிலைசரில் வைத்ததும் புள்ளிகள் மறைந்தன.

ஸ்டெரிலைசர் வாங்காமல், சங்கையும் பாலாடையையும் புட்டியையும் பாத்திரத்தில் மூழ்கவைத்துக் கொதிக்கவைக்கிற வீடுகளில் இந்த ஒப்பீடு சற்று மாறும். அங்கே பொருள்கள் கொதிநீருக்குள்ளேயே கிடப்பதால், படிவு நேராக அவற்றின் மேலேயே, நிப்பிளின் சிறு துளையிலும்கூட, ஏறுகிறது. அதற்கு ஓரிரு லிட்டர் ஆர்.ஓ. நீரை ஒதுக்குவது வீணன்று. மைக்ரோவேவ் ஸ்டெரிலைசரில் சூடேறும் தட்டு இல்லாததால் படிவின் தொல்லை குறைவு, ஆனால் அதே நீரைப் பயன்படுத்துவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே படிந்துவிட்ட தட்டைச் சுரண்டக் கூடாது, கீறலில் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் 10 கிராமை 200 மில்லி லிட்டர் நீரில் கரைத்து, மின் இணைப்பைத் துண்டித்த நிலையில் தட்டில் அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தோம். இரண்டாவது முறையில் தட்டு பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒரு முறை வெறும் ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றி, புட்டிகள் இல்லாமல் ஓட்டினோம்.

பவுடர் பால் கலக்கும் நீருக்கு மேலே சொன்ன எதையும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. அந்த நீர் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது. நைட்ரேட் போன்றவை காய்ச்சினாலும் நீங்காது என்பதால் போர் தண்ணீர் அங்கே அறவே ஆகாது. கேன் நீரானாலும் ஆர்.ஓ. நீரானாலும் நன்றாகக் கொதிக்கவைத்து, உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைக் கலந்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதற்காகத்தான் அந்தச் சூடு.