ரத்தம் எடுக்கும் பகல்நேரப் பிரிவு: என் இரண்டு வருட அனுபவம்

எனக்கு பாலிசைத்தீமியா வேரா. எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஜாக்2 மரபணுவில், பரம்பரையாக இல்லாமல் பிற்பாடு வரும் மாற்றம்தான் பெரும்பாலும் காரணம். குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று டாக்டரிடம் போனபோதுதான் இது பிடிபட்டது. ரத்தம் கெட்டியாகிவிடாமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். அதற்காக நான் போய்வரும் ஆஸ்பத்திரிப் பகல்நேரப் பிரிவைப் பற்றித்தான் இது.

தேதி வந்துவிட்டது என்பதற்காக இங்கே கையை நீட்டச் சொல்வதில்லை. அன்றைய ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்த்த பிறகுதான் ஊசி. 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். 2013இல் வெளியான ஆய்வில், 45 முதல் 50 வரை விட்டுவைத்தவர்களுக்கு இதய, ரத்தநாள மரணமும் பெரிய ரத்தக்கட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒருமுறை எனக்கு 43 வந்தது. "இன்னைக்கு வேண்டாம்மா, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றுதான் இவர்கள் மேல் முழு நம்பிக்கை வந்தது.

அங்குள்ள மூத்த நர்ஸின் கை தனி. வெந்நீரில் பிழிந்த துணியை முழங்கை மடிப்பில் சுற்றி வைப்பார். அப்புறம் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே நரம்பைத் தேடுவார். போன தடவை வலது கை என்றால் இந்தத் தடவை இடது. முதல் நாள் பாதியில் எனக்குக் கண் இருட்டியது. அதன்பிறகு 450 மில்லி எடுப்பதில்லை, 250தான், கூடவே சலைன். ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன் என்பதால் ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அவரே அழுத்திப் பிடிப்பார். எடுத்த ரத்தப் பை யாருக்கும் ஏற்றப்படாமல் குப்பைக்குத்தான் போகும் என்று தெரிந்தபோது மனசு கஷ்டப்பட்டது. அதையும் உட்கார்ந்து விளக்கினார்.

குறை இரண்டு. ரிசல்ட் வர இரண்டு மணி நேரம் ஆகிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் புதிதாக வந்த டாக்டர், இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை எழுதிவிட்டார். ரத்தம் எடுக்க எடுக்க இரும்பு குறையும், அந்தக் குறைவுதான் சிவப்பணுக்களைக் கட்டிப்போடுகிறது. மாத்திரை போட்டால் எண்ணிக்கை மறுபடி ஏறிவிடும். நான் கேட்டதால் ரத்தநோய் நிபுணரிடம் பேசி அந்த மாத்திரையைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். கேட்கத் தெரியாத ஒருவர் என்ன செய்வார்? 'நிபுணரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை தரக்கூடாது' என்று ஃபைல் அட்டையிலேயே ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அடுத்த தடவை போனதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.